சொன்ன சொல்லுக்குக் கையில் தாள் இருக்கிறதா?

வீட்டில் அரைத்த மசாலாப் பொடியை வாட்ஸ்ஆப்பில் விற்கும் பெண்கள், ஆரி வேலை செய்து தருகிறவர்கள், கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள், வீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறவர்கள், தனியாக உட்கார்ந்து டிசைன் செய்து கொடுக்கும் இளைஞர்கள் என்று சொந்தக் காலில் நிற்கும் பலர் ஒரே இடத்தில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பொருளில் குறை இருக்காது. வேலை நறுவிசாக இருக்கும். ஆனால் அதைப் பற்றி நாலு வரி எழுத உட்காரும்போது, தங்களிடம் உள்ளதைச் சொல்வதை விட்டுவிட்டு, அடுத்தவர் பக்கத்தில் இருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'நூறு சதவீதம் தூய்மையானது', 'சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்', 'அரசு அங்கீகாரம் பெற்றது', 'தமிழகத்தின் நம்பர் ஒன்'.

பிறகு ஒருநாள் உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து நிற்கிறார். அல்லது பொருள் பிடிக்காத வாடிக்கையாளர் ஒருவர் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறார். அப்போது அலறிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, 'எல்லாரும் போடுறாங்களேன்னுதான் நானும் போட்டேன்' என்பது. எந்த அலுவலகத்திலும் இது பதிலாகாது. அங்கே கேட்கப்போவது ஒன்றே ஒன்று: இப்படிச் சொன்னதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?

ஆகவே விளம்பரம் எழுதும் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு உரிமைகோரலுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். சான்றிதழோ, ஆய்வக அறிக்கையோ, பில்லோ, வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ சம்மதமோ, ஏதோ ஒன்று. தாள் இல்லாத வார்த்தையை எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

'நான் சின்ன ஆள், இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு' என்ற எண்ணம் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. அது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குக் கம்பெனியின் அளவைப் பார்ப்பதில்லை. 2020இல் வந்த மின்வணிக விதிகள் விலக்குக் கொடுப்பது, தொழிலாகவோ வழக்கமாகவோ இல்லாமல் சொந்த முறையில் எதையாவது விற்கும் தனிநபருக்கு மட்டும்தான். பழைய கட்டிலை விற்றால் அந்த விலக்கு உங்களுக்கு உண்டு. வாரா வாரம் ஊறுகாய் விற்றால் கிடையாது. பொய்யான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். சட்டத்தின் 89ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. சிறிய விற்பனையாளருக்கு அந்த உச்சத்தொகை விதிக்கப்படாமல் போகலாம். ஆனால் நோட்டீஸ், அலைச்சல், வக்கீல் செலவு, ஊருக்குள் கெட்ட பெயர் எல்லாம் சேர்ந்தாலே ஒரு சிறிய தொழில் படுத்துவிடும்.

உணவு விற்கிறவர்கள் கவனத்துக்கு

அதிகமான தவறுகள் உணவில்தான் நடக்கின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு கட்டாயம். சிறிய விற்றுமுதல் உள்ளவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். போஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் 'ஏ' படிவத்தை நிரப்பி, புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றினால் நீங்களே வாங்கிவிடலாம். கட்டணம் நூறு ரூபாய்க் கணக்கில்தான். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் தரகரிடம் போகாதீர்கள்; உங்கள் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். அந்த எண்ணை பாக்கெட்டில் போட வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரச்சான்று பெற்றது' என்று எழுதாதீர்கள். அந்த எண் நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் சாம்பார்ப் பொடியை யாரும் சோதித்துப் பார்த்து நல்லது என்று கையெழுத்துப் போடவில்லை.

அடுத்தது வார்த்தைகள். உணவு விளம்பரங்களும் உரிமைகோரல்களும் பற்றிய விதிமுறைகள் 2018இல் வந்தன. 'இயற்கையானது', 'புதியது', 'தூய்மையானது', 'பாரம்பரியமானது', 'அசல்' போன்ற சொற்களை எந்த உணவுக்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அவற்றில் தனித்தனியாக நிபந்தனைகள் இருக்கின்றன. வாங்குகிறவருக்குத் தவறான எண்ணம் ஏற்படும்படி 'வீட்டில் செய்தது', 'வீட்டுச் சமையல்' போன்ற சொற்களைப் போடுவதும் விதிக்குப் புறம்பு. கூலிக்கு ஆள் வைத்து ஷெட்டில் அரைத்துவிட்டு 'அம்மா கைப்பக்குவம், வீட்டில் செய்தது' என்று லேபிள் ஒட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். '100 சதவீதம்' என்ற சொல்லோடும் விளையாட வேண்டாம். 2024 ஜூனில், தண்ணீரும் அடர்சாறும் சேர்த்துத் தயாரித்த பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போட்டிருப்பதை நீக்கச் சொல்லி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. 2025இல் உணவு லேபிள்களிலும் விளம்பரங்களிலும் அந்தச் சொல்லையே தவிர்க்கச் சொல்லி அறிவுறுத்தியது. இதற்குப் பிறகும் புதிதாக அச்சடிக்கும் லேபிளில் அதே வாசகத்தைப் பார்க்கும்போது, அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் டிசைனில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு 'மரச்செக்கு' என்று பலகை தொங்குகிறது. உள்ளே போனால் இரும்பு எக்ஸ்பெல்லர் ஓடிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாத நல்லெண்ணெய்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ராலைப் பொருட்படுத்தும் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது; அது உங்கள் எண்ணெயின் தனிச்சிறப்பு அல்ல. எல்லா எண்ணெய்க்கும் பொதுவானதை உங்களுக்கு மட்டும் உரியதுபோலக் காட்டுவதும் தவறாக வழிநடத்துவதுதான். உண்மையிலேயே வாகை மரச்செக்கில் ஆட்டுகிறவர் எழுத எவ்வளவோ இருக்கிறது. எந்த ஊர் எள், எந்த மாதம் வாங்கியது, எத்தனை கிலோ எள்ளுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் கண்டது, கருப்பட்டி சேர்த்தாரா, எந்தத் தேதியில் ஆட்டினார், அடியில் வண்டல் ஏன் தங்குகிறது, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். எள் வாங்கிய பில்லும், ஆட்டிய நாளைக் குறித்த நோட்டும், செக்கு ஓடும் ஒரு நிமிட வீடியோவும் போதும். எந்த அலுவலர் வந்தாலும் காட்டலாம். இப்படி எழுதும் விளம்பரத்தை அடுத்தவர் காப்பியடிக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த எள்ளும் அந்த பில்லும் அவரிடம் இல்லை.

'ஆர்கானிக்' என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் நில்லுங்கள். அங்கக உணவு விதிமுறைகள் 2017இன்படி, அந்தச் சொல்லுக்கு என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா என்ற அரசுச் சான்றளிப்பு முறைகளில் ஒன்றில் சான்று வேண்டும். விளைவிக்கும் சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் விலக்கு உண்டு. ஆனால் அவரும் 'ஜைவிக் பாரத்' என்ற ஆர்கானிக் முத்திரையைப் போட முடியாது. இந்த விலக்கு விளைவித்தவருக்குத்தான். மண்டியில் வாங்கி பாக்கெட் போடுகிறவருக்கு இல்லை. சான்று பெற விரும்பும் விவசாயிகள், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். சான்று கைக்கு வரும்வரை, 'ரசாயன உரம் போடாமல் எங்கள் தோட்டத்தில் விளைவித்தது' என்பது உண்மையானால் அதை மட்டும் சொல்லுங்கள்.

நோய் என்ற பேச்சே வேண்டாம். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954, சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன் உள்ளிட்ட 54 நோய்களையும் நிலைகளையும் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே தடை செய்திருக்கிறது. கருப்பு கவுனி அரிசி விற்கிறீர்கள் என்றால் அது அரிசி. 'சுகர் குறையும்' என்று ஒரு வரி சேர்த்த நிமிடத்தில் நீங்கள் மருந்து விளம்பரம் செய்தவர் ஆகிறீர்கள். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் வரும் கேடு எந்த அபராதத்தையும்விடப் பெரியது.

பாக்கெட்டின் மேல் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எடை வரிசைப்படி சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், சைவ அசைவக் குறி, முழு முகவரி, எல்லா வரிகளும் உட்பட எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். உணவு அல்லாத பொருளாக இருந்தாலும், முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்றால், 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். பொட்டலம் கட்டத் தொடங்கிய 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எடையளவு ஆய்வாளர் அந்தத் துறைக்காரர் என்பதே பலருக்குத் தெரியாததால், உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் போய்க் கேட்டு, அங்கே 'எங்களுக்குத் தெரியாது' என்ற பதிலோடு திரும்புகிறார்கள். இரண்டு துறைகளும் ஒரே மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. பதிவுச் சான்று கொடுக்கும் நாளிலேயே, லேபிளில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது, அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு பக்கத் தாளைத் தமிழில் கொடுத்தால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது. அதைச் செய்யாமல், தவறு நடந்த பிறகு ஸ்பாட் ஃபைனோடு வருவதை நான் ஏற்கவில்லை.

சான்று போலத் தெரியும் தாள்கள்

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை 'எம்.எஸ்.எம்.இ. சான்றளித்த தயாரிப்பு' என்று போட்டுக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆதார், பான் விவரங்களோடு நீங்களே சொல்வதை வைத்துக் கொடுக்கப்படும் பதிவு அது. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் உண்மையான பயன் வேறு. சேவையோ பொருளோ கொடுத்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் வராவிட்டால், 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டப்படி வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்கக் கவுன்சிலில் முறையிடலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. பணம் நின்றுபோன பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்யாதீர்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. தேடினால் முதலில் வரும் தளங்களில் பல தனியாருடையவை. அரசுத் தளம்போலவே இருந்து, ஆயிரம் இரண்டாயிரம் என்று கறந்துவிடும். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

முடி எண்ணெய், முகப்பூச்சு, குளியல் பொடி செய்கிறவர்கள் அழகுசாதன விதிகள் 2020இன் கீழ் வருகிறார்கள். தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்தமாக உரிமம் எடுக்க வசதியில்லாதவர்கள், உரிமம் உள்ள தொழிற்சாலையில் தங்கள் பெயரில் தயாரித்து வாங்கலாம். அப்படி வாங்கினால், 'நானே கையால் காய்ச்சியது' என்று ரீல் போடக் கூடாது. முன்னும் பின்னும் படங்கள் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரே ஆள், ஒரே வெளிச்சம், ஃபில்டர் இல்லை, இத்தனை வாரம் என்ற குறிப்பு, அவருடைய சம்மதம். இவ்வளவும் இல்லாவிட்டால் அந்தப் படம் வேண்டாம்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, ஈரோடு மஞ்சள் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. சென்னையில் செய்த கடலைமிட்டாய்க்குக் கோவில்பட்டிப் பெயர் வைத்தால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரராக இருந்து அங்கேயே செய்கிறவர், கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்வது நல்லது. அதே வளாகத்தில்தான் வணிகக் குறிப் பதிவகமும் இருக்கிறது. உங்கள் கடைப் பெயரைப் பலகையில் எழுதுவதற்கு முன், இணையத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். வேறு யாராவது பதிந்திருக்கலாம். தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கும் வணிகக் குறிக்கான இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சட்ட விரோதம்.

வேலை செய்து கொடுக்கிறவர்கள்

டிசைனர், எழுத்தாளர், மென்பொருள் எழுதுகிறவர், புகைப்படக்காரர் ஆகியோருக்கு அவர்கள் செய்த பழைய வேலைதான் விளம்பரம். அதைக் காட்டும் உரிமை யாருக்கு என்பதில்தான் சண்டை வருகிறது.

பதிப்புரிமைச் சட்டம் 1957 சொல்வது இது. சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது செய்தது முதலாளிக்கு உரியது. தனியாக எடுத்துச் செய்த எழுத்தும் மென்பொருளும், எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை எழுதியவருக்கே சொந்தம். மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ஆனால் புகைப்படம் வேறு. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். இது கல்யாணப் போட்டோகிராஃபர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மணமக்கள் முகத்தைப் பெரிதாகப் போட்டு, விளம்பரக் கட்டணமும் கட்டி ஃபேஸ்புக்கில் ஓடவிடுகிறார்கள். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு வந்தால், 'நான் எடுத்த படம் சார்' என்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் ஒரு வரி சேருங்கள்: 'இந்த நிகழ்ச்சியின் படங்களை எங்கள் தொழில் விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்கிறேன் / அனுமதிக்கவில்லை.' வாடிக்கையாளர் ஒன்றை அடித்துக் கையெழுத்துப் போடட்டும். அனுமதிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். மெஹந்திக் கை, மேடை அலங்காரம் என்று முகம் தெரியாத படங்களுக்கும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்களின் லோகோக்களை வரிசையாகப் போட்டு 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று எழுதும் பழக்கமும் ஆபத்தானது. நடந்தது என்னவாக இருக்கும்? ஏதோ ஏஜென்சி எடுத்த வேலையில் இரண்டு பேனர் செய்திருப்பார். அதை அப்படியே எழுதலாமே: 'இன்ன வகை நிறுவனத்துக்காக, ஒரு ஏஜென்சியின் குழுவில், நான் செய்த பகுதி இது.' ஏஜென்சியிடம் வாட்ஸ்ஆப்பிலாவது அனுமதி வாங்கி, அந்தச் செய்தியைச் சேமித்து வையுங்கள். வேலை கொடுக்க நினைக்கும் ஆள் ஒரு போன் போட்டு விசாரித்தால் உங்கள் வார்த்தை நிற்க வேண்டும். இரண்டு பேனரை ஒழுங்காகச் செய்தவருக்கு மூன்றாவது கிடைக்கும். இருபது லோகோவைப் போட்டு மாட்டியவருக்கு அந்த இரண்டும் போகும்.

டியூஷன் நடத்துகிறவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஃபிளெக்ஸில் போடுமுன் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். 50 மாணவர்களுக்கு மேல் உள்ள பயிற்சி மையங்களுக்கு 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. தேர்ச்சி பெற்ற பிறகு வாங்கிய சம்மதம் இல்லாமல் மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு காலம் உங்களிடம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி ஒரு மாதம் மாதிரித் தேர்வு எழுத வந்த பிள்ளையை 'எங்கள் தயாரிப்பு' என்று போடுவது இனி நடக்காது.

விமர்சனங்களும் விலையும்

ஐந்து நட்சத்திர விமர்சனங்களை மொத்தமாக விற்கிறேன் என்று டெலிகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். விற்பனையாளர் தன்னை வாடிக்கையாளர்போலக் காட்டி விமர்சனம் எழுதுவது மின்வணிக விதிகளிலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது. மச்சான், சித்தப்பா பையன், அலுவலகத் தோழி என்று வாங்காதவர்களை எழுதவைப்பதும் அதே கணக்குத்தான். வாங்கியவரிடம், பொருள் போய்ச் சேர்ந்த பிறகு, 'நல்லதோ கெட்டதோ உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்' என்று இணைப்பை அனுப்புங்கள். எழுதினால் தள்ளுபடி என்று பேரம் பேசாதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடுமுன் அவருடைய எண்ணையும் முகத்தையும் மறையுங்கள், அனுமதியும் கேளுங்கள். இலவசமாகப் பொருள் கொடுத்து யூடியூபரையோ இன்ஸ்டாகிராம் பிரபலத்தையோ பேசவைத்தால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரும் நீங்களும் பொறுப்பு.

'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்பதை நிறுத்துங்கள். மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் இன்பாக்ஸ் வரச் சொல்வதுதான் கிளப்புகிறது. 'இலவசம்' என்றால் வாங்குகிறவர் தவிர்க்க முடியாத அனுப்பும் செலவைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது. 'இன்னும் இரண்டே பீஸ்தான்' என்று தினமும் பொய்யாக அவசரப்படுத்துவது 2023ஆம் ஆண்டு 'டார்க் பேட்டர்ன்' தடுப்பு நெறிகள் பட்டியலிட்ட 13 மோசடி உத்திகளில் ஒன்று. தமிழில் விளம்பரம் போட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவதும் கூடாது. எந்த மொழியில் உரிமைகோரலோ அதே மொழியில்தான் நிபந்தனையும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்ப வாங்கியே ஆக வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

உங்கள் படத்தை ஒருவர் திருடினால்

ஆரி வேலை செய்யும் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பத்து நாள் உட்கார்ந்து ஜர்தோசி போட்ட ஜாக்கெட்டின் கைப்பகுதியைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அடுத்த வாரம் அதே படம், ஓரத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, வேறொருவர் பக்கத்தில் பாதி விலைக்கு நிற்கிறது. கமென்ட்டில் போய்ச் சண்டை போட்டால், அவர் உங்களை பிளாக் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பார். செய்ய வேண்டியது வேறு.

முதலில் அந்தப் பக்கத்தின் இணைப்பு, தேதி, பயனர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் போனில் உள்ள வெட்டாத மூலப் படத்தை அழிக்காதீர்கள். அதில் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வேலை பாதியில் இருந்தபோது எடுத்த படங்களும் வலுவான சாட்சி, அதனால் கட்டையில் துணி மாட்டிய நாளிலிருந்தே படம் எடுத்துவைக்கப் பழகுங்கள். பிறகு அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2013ஆம் ஆண்டு விதிகளும் சொல்வதன்படி, எழுத்துபூர்வப் புகார் கிடைத்த தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்து, 21 நாளுக்கு அதை மறைத்துவைக்க வேண்டும்; அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். அந்த 21 நாளில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலே பெரும்பாலானோர் படத்தை எடுத்துவிடுவார்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே போகலாம்.

உங்கள் கடைப் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி யாராவது அட்வான்ஸ் வசூலிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். பணம் இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். நீங்கள் தேசிய சைபர் குற்றத் தளத்தில் தனியாகப் புகார் பதியுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் 'இன்ஸ்டாகிராம் பிரச்சினையா, அங்கேயே ரிப்போர்ட் பண்ணுங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வராதீர்கள், புகார் மனு ஏற்புச் சீட்டு கேளுங்கள். அந்தச் சீட்டு, பின்னால் ஏமாந்தவர்கள் உங்கள் மேலே பாயும்போது உங்களைக் காப்பாற்றும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

உணவு பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மேம்பாட்டு அறிவிக்கை வந்தால் பயந்து கடையை மூடவும் வேண்டாம், தரகரைத் தேடவும் வேண்டாம். குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எந்த வாசகம் தவறு என்று அதில் குறிப்பிட்டிருக்கும். அதை நீக்கி, புதிய லேபிளின் நகலோடு எழுத்தில் பதில் கொடுங்கள். அறிவிக்கையே தவறு என்று நினைத்தால், 15 நாள் அல்லது அறிவிக்கையில் குறித்த அவகாசம், இரண்டில் எது முந்தியோ அதற்குள் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நுகர்வோர் ஆணையத்திலிருந்து வந்தால் நிலைமை வேறு. புகாரின் நகலோடு நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்த்துச் சொல்லிவிட்டது. 'அந்தம்மா கோபத்துல போட்டிருப்பாங்க, பேசிக்கலாம்' என்று கவரைப் பிரிக்காமலே வைத்திருந்து, 46ஆம் நாள் வக்கீலைத் தேடி வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் அதை எழுத்தில் சொல்லும் வாய்ப்பை இழந்து தோற்கிறார்கள்.

கவர் வந்த அன்றே உறையின் மேல் தேதியை எழுதுங்கள், உறையைப் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தில் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் உரிய பில், சான்று, அனுமதி, பொருளின் படம், வாடிக்கையாளரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் நாள்வாரியாக அடுக்குங்கள். சமரசத்துக்குத் தயார் என்றால் அதையும் எழுத்திலேயே சொல்லுங்கள். பணம் திருப்பிக் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். பதிலைத் தாக்கல் செய்யும்போது உங்கள் நகலில் ஆணையத்தின் முத்திரையும் தேதியும் விழாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.